அண்ணன்மார் இயக்கம்: வரலாறும் படிப்பினையும்

முன்னுரை

“தம்பி உடையான் படைக்கு அஞ்சான்” என்பது நம் மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் பழமொழி. தம்பியின் துணை அண்ணனுக்கு வலிமை சேர்க்கும் என்பது அதன் கருத்து. அண்ணன் இல்லாத தம்பியின் நிலை என்ன என்பதைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. தந்தை வேலைக்கும், தாய் இரவு நேரத் தொழிற்சாலைக்கும் சென்றுவிட, கேட்பாரின்றித் தெருவில் நிற்கும் சிறுவனுக்கு எவர் அண்ணன்? பெற்ற தாய் தந்தையரும் கற்பிக்கும் ஆசிரியரும் அல்லாத மூன்றாம் ஒருவர் அவனுடைய வாழ்வில் நுழைந்து, கைப்பிடித்து நடத்த முடியுமா?

இந்த வினாவுக்கு விடை தேடி ஓர் இயக்கம் 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் தோன்றியது. அந்த இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களும் நடத்தியவர்களும் ஆராய்ந்தவர்களும் யாவர், அவர்கள் கண்ட வெற்றி எது, தோல்வி எது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அயல்நாட்டு வரலாறு நமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் மாணவர்களுக்காக நல்லெண்ணத்துடன் தொடங்கப்பெறும் முயற்சிகள் பல ஓராண்டைக் காணுமுன்னரே வாடிப்போவதைக் கண்டு வருந்தியவன் என்னும் முறையில், இந்த வரலாறு நமக்கும் உரியதே என்று துணிந்து கூறுவேன்.

சொல்லின் பிறப்பு

இளைஞருக்கு வழித்துணையாக நிற்பவரை மேலைநாட்டார் ‘மென்டர்’ என அழைப்பர். இது கிரேக்கக் காப்பியமாகிய ஒடிசியில் வரும் ஒரு முதியவரின் பெயர். மன்னன் ஒடிசியஸ் ட்ராய் நகரப் போருக்குச் சென்றபோது, தன் இல்லத்தை இந்த நண்பரின் பொறுப்பில் விட்டுச் சென்றான். மன்னன் திரும்ப இருபது ஆண்டுகள் ஆயின. அதற்குள் அரண்மனையில் தீயோர் புகுந்து கூத்தாடினர். இளவரசன் டெலிமாக்கஸ் செய்வதறியாது கலங்கினான். தந்தையைத் தேடிச் செல்லும் முயற்சியில் அவனுக்கு ஊக்கமும் அறிவுரையும் தந்தது மென்டரின் உருவம்தான். ஆயினும் அவ்வுருவில் வந்தது ஏதீனா என்னும் தெய்வம் என்று காப்பியம் கூறுகிறது. 1699-ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெனலோன் இக்கதையைத் தழுவி எழுதிய நூல் ஐரோப்பா எங்கும் பரவியது. அதன்பின் அப்பெயர் பொதுச்சொல்லாக வழங்கலாயிற்று.

இக்கதையில் ஒரு நுட்பம் பொதிந்துள்ளது. பொறுப்பை ஏற்ற மனிதரால் அரண்மனையைக் காக்க இயலவில்லை. நல்லவர் ஒருவரின் பெயரை மட்டும் பொறுப்பில் எழுதிவிட்டால் பிள்ளை காப்பாற்றப்பட்டுவிடுவான் என்று எண்ணுவது பிழை. இவ்வுண்மை பின்னாளில் எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது என்பதை மேலே காண்போம்.

நீதிமன்ற எழுத்தர் ஒருவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை குற்றம் புரிந்த சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிப்பதும், அவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைப்பதும் பல நாடுகளில் வழக்கமாக இருந்தன. இந்தக் கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் சிகாகோ நகரத்துப் பெண்மணிகள் முதன்மையானவர்கள். 1889-இல் ‘ஹல் ஹவுஸ்’ என்னும் தொண்டு இல்லத்தைத் தோற்றுவித்த ஜேன் ஆடம்ஸ், அவருடைய தோழி ஜூலியா லாத்ரொப், லூசி ஃபிளவர் ஆகியோரின் பெயர்கள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. இவர்களைப் போன்றோரின் இடையறாத முயற்சியால் 1899-இல் சிகாகோவில் உலகின் முதல் சிறார் நீதிமன்றம் நிறுவப்பெற்றது. சிறுவர்களை மேற்பார்வையிட நன்னடத்தை அதிகாரிகளை நியமிக்கச் சட்டம் இடம் தந்தது. ஆனால் அவர்களுக்கு அரசு ஊதியம் வழங்க இடம் தரவில்லை. ஆகவே, அந்தப் பெண்மணிகளே நிதி திரட்டி ஊதியம் வழங்கினர். சட்டத்தின் கை எட்டாத இடத்தில் தொண்டின் கை நீண்டது எனலாம்.

நியூயார்க் நகரில் 1902-இல் சிறார் நீதிமன்றம் தொடங்கியது. அதன் எழுத்தராகப் பணியாற்றியவர் எர்னஸ்டு கூல்ட்டர் என்பார். முன்னர் பத்திரிகைத் துறையில் இருந்த இவர், நாள்தோறும் தம் மேசையின் முன் வந்து நின்ற சிறுவர்களைக் கண்டார். திருடியவர், வீட்டை விட்டு ஓடியவர், பள்ளிக்குச் செல்லாமல் திரிந்தவர் எனப் பலவகைச் சிறுவர்கள் வந்தனர். ஒரு முறை வந்தவர்களுள் பலர் மீண்டும் வந்தனர். நீதிபதி தீர்ப்பு வழங்கலாம். ஆனால் தீர்ப்புக்குப் பின்னர் அச்சிறுவன் திரும்பிச் செல்வது அதே தெருவுக்குத்தான். அவனுக்காகக் கவலைப்படும் ஒரு மனிதர் அத்தெருவில் இல்லையென்றால், தீர்ப்பு வெறும் தாளாகவே நின்றுவிடும்.

1904-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நியூயார்க்கில் ஒரு கிறித்துவத் திருச்சபையைச் சேர்ந்த ஆடவர் மன்றத்தில் கூல்ட்டர் உரையாற்றினார். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படும் நிலையில் இருந்த ஒரு சிறுவனின் கதையை அவர் எடுத்துக் கூறினார். இத்துணைப் பெரிய நகரில் தன்மீது அக்கறை கொண்டவர் ஒருவரேனும் உண்டு என்று அவன் உணர வேண்டும். அதற்கு ஓர் அண்ணன் தேவை என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரம். அன்று அவையில் இருந்த நாற்பது பேரும், ஆளுக்கு ஒரு சிறுவனுக்குத் துணை நிற்க முன்வந்தனர். ‘பிக் பிரதர்ஸ்’ என்னும் அண்ணன்மார் இயக்கம் நியூயார்க்கில் இவ்வாறு பிறந்தது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. கூல்ட்டர் கேட்டது பணம் அன்று. உணவும் உடையும் அன்று. ஒருவர் ஒரு சிறுவனுக்குத் தம் நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்றே கேட்டார். அறச்சாலை அமைத்து நூறு பேருக்குச் சோறிடுவது ஒருவகைத் தொண்டு. ஒரே ஒரு சிறுவனின் பெயரை மறவாமல் நினைவில் வைத்திருப்பது மற்றொரு வகைத் தொண்டு. பின்னது எளிதுபோல் தோன்றும். உண்மையில் அதுவே கடினமானது.

சாளரத்தின் வழியே கண்ட காட்சி

கூல்ட்டருக்கு ஓராண்டு முன்னதாக, 1903-இல், சின்சினாட்டி நகரில் எர்வின் வெஸ்ட்ஹைமர் என்னும் இளம் வணிகர் தம் அலுவலகச் சாளரத்தின் வழியே ஒரு காட்சியைக் கண்டார். குப்பைத் தொட்டியில் உணவு தேடிக் கிளறிக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். அருகில் அவனுடைய நாய். வெஸ்ட்ஹைமர் கீழே இறங்கிச் சென்று அவனுக்கு உணவு வாங்கிக் கொடுத்தார். அத்துடன் நின்றிருந்தால் அவருடைய பெயர் வரலாற்றில் இடம்பெற்றிருக்காது. அவர் அச்சிறுவனின் குடும்பத்தோடு பழகினார். தம் நண்பர்களையும் இவ்வாறே ஆளுக்கு ஒரு சிறுவனோடு பழகுமாறு தூண்டினார். நூறு வயதையும் கடந்து வாழ்ந்த அவர், தாம் ஊன்றிய விதை நாடெங்கும் வளர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தார்.

பெண்களின் பணியும் இதே காலத்தில் தொடங்கியது. நியூயார்க் சிறார் நீதிமன்றத்துக்கு வந்த சிறுமிகளுக்குக் கத்தோலிக்கப் பெண்மணிகள் சிலர் 1902-ஆம் ஆண்டளவில் துணை நிற்கலாயினர். அவர்களுடைய பணியே பின்னர் ‘அக்காமார்’ சங்கமாக உருப்பெற்றது. யூதர் தம் சிறுவர்களுக்கும் கத்தோலிக்கர் தம் சிறுவர்களுக்குமாகத் தனித்தனியே இப்பணியைச் செய்த நிலை நெடுங்காலம் நீடித்தது. அவரவர் வீட்டுப் பிள்ளையை அவரவர் காக்க வேண்டும் என்னும் உணர்வில் தவறில்லை. எனினும், எந்தப் பிரிவிலும் அடங்காத சிறுவன் எவருடைய வாயிலில் நிற்பது என்னும் வினா அங்கும் எழுந்தது, இங்கும் எழுகின்றது.

தனிமனிதர்களின் முயற்சி பின்னர் அமைப்பாக மாறியது. 1917-இல் பல நகரங்களின் சங்கங்கள் கூடி முதல் தேசிய மாநாட்டை நடத்தின. பின்னர் எழுந்த கூட்டமைப்பு, 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நிதியின்றிக் கலைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946-இல் அண்ணன்மார் சங்கங்கள் மீண்டும் ஒரு குடையின்கீழ் வந்தன. 1958-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் அந்த அமைப்புக்குச் சாசனம் வழங்கியது. 1977-இல் அண்ணன்மார் அமைப்பும் அக்காமார் அமைப்பும் ஒன்றிணைந்தன.

பேரறிஞர் ஒருவரின் சோதனை

இதுவரை கூறியது நல்லெண்ணத்தின் வரலாறு. இனி வருவது அந்நல்லெண்ணம் தேர்வுக்கு உட்பட்ட வரலாறு. ஆசிரியர்களாகிய நாம் மாணவர்களைத் தேர்வு எழுதச் செய்கிறோம். நம் தொண்டினைத் தேர்வுக்கு உட்படுத்துவதில்லை. அதற்கு முன்வந்தவர் ஒருவர் இருந்தார்.

பாஸ்டன் நகரத்து மருத்துவரும் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியருமான ரிச்சர்டு கேபட் என்பவரே அவர். நோயாளியின் உடலை மட்டுமன்றி அவருடைய வீட்டு நிலையையும் அறிந்தால்தான் நோய் தீரும் எனக் கருதி, 1905-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூகப் பணியாளரை அமர்த்திய முன்னோடி இவர். சிறுவர்கள் குற்றவாளிகளாக மாறுவதைத் தடுக்க முடியுமா என்னும் ஆய்வினை 1930-களில் இவர் வகுத்தார். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகர்களில் அது நடைபெற்றது.

ஏழை மக்கள் வாழ்ந்த பகுதிகளிலிருந்து 506 சிறுவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களுள் முரட்டுச் சிறுவரும் இருந்தனர். அமைதியான சிறுவரும் இருந்தனர். வயது, குடும்பம், குணம் ஆகியவற்றில் ஒத்த இருவர் இருவராகச் சிறுவர்கள் இணைக்கப்பட்டனர். பின்னர் நாணயத்தைச் சுண்டி, இருவருள் ஒருவனுக்கு உதவி வழங்குவது, மற்றவனை அவன் போக்கில் விட்டுவிடுவது என முடிவு செய்யப்பட்டது. இவ்வாறு 253 பேர் உதவி பெற்றனர். 253 பேர் பெறவில்லை. 1939-இல் தொடங்கிய இப்பணி 1945 வரை நீடித்தது. ஆலோசகர்கள் மாதம் இருமுறை அளவில் வீடுகளுக்குச் சென்றனர். பாடம் சொல்லிக் கொடுத்தனர். மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். விளையாட்டிலும் கோடைக்கால முகாம்களிலும் சேர்த்தனர். பணி தொடங்கிய 1939-ஆம் ஆண்டிலேயே கேபட் மறைந்தார். தம் நம்பிக்கை மெய்யானதா என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

முதல் மதிப்பீடு 1951-இல் நூலாக வெளிவந்தது. இரு குழுவினருக்கும் இடையே குற்றச் செயல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது தெரிவித்தது. உதவியின் பயன் பின்னாளில்தான் தெரியவரும் எனப் பலர் ஆறுதல் கொண்டனர்.

அந்தப் ‘பின்னாள்’ வந்தபோது அதனைக் காணத் துணிந்தவர் ஜோன் மெக்கார்டு என்னும் அம்மையார். 1950-களிலேயே இவ்வாய்வின் ஏடுகளைக் கற்றிருந்த அவர், சிறுவர்களாக இருந்தவர்கள் நடுவயதை எட்டியபோது அவர்களை மீண்டும் தேடிச் சென்றார். நீதிமன்ற ஏடுகள், மருத்துவமனை ஏடுகள், இறப்புப் பதிவேடுகள் ஆகியவற்றை ஆராய்ந்தார். உதவி பெற்றவர்களிடம் அத்திட்டம் உங்களுக்கு உதவியதா என வினவினார். மூன்றில் இரு பங்கினர் “ஆம், உதவியது” என்றனர். தங்கள் ஆலோசகரை அன்போடு நினைவுகூர்ந்தவர் பலர்.

ஆனால் ஏடுகள் வேறு கதை கூறின. 1978-இல் மெக்கார்டு வெளியிட்ட கட்டுரை படித்தவர்களைத் திடுக்கிட வைத்தது. குற்றம் புரிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மீண்டும் குற்றம் புரிந்தவர் உதவி பெற்ற குழுவிலேயே மிகுதி. குடிக்கு அடிமையானதற்கான அறிகுறிகள், கடுமையான மனநோய், இரத்த அழுத்தமும் இதய நோயும், இளவயது இறப்பு, தாழ்ந்த தொழில் நிலை ஆகியனவும் உதவி பெற்ற குழுவிலேயே கூடுதலாகக் காணப்பட்டன. எந்த அளவுகோலிலும் உதவி பெற்றவர்கள் மேம்பட்டு நிற்கவில்லை.

இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கெடுக்க எண்ணியவர் எவரும் இல்லை; அன்பில்லாதவர் எவரும் இல்லை. உதவி பெற்றவர்களே நன்றி பாராட்டுகின்றனர். இருந்தும் விளைந்தது நன்மையன்று. இதற்குக் காரணம் யாது?

மெக்கார்டு சில காரணங்களை முன்வைத்தார். பிறர் துணையை நாடும் பழக்கம் சிறுவர்களிடம் வேரூன்றியிருக்கலாம். அத்துணை நீங்கியபோது அவர்கள் தடுமாறியிருக்கலாம். மிகப்பெரிய எதிர்பார்ப்புகள் ஊட்டப்பட்டு, வாழ்வு அவற்றை நிறைவேற்றாதபோது கசப்பு எழுந்திருக்கலாம். படித்த ஆலோசகரின் பழக்கவழக்கங்களும் வீட்டின் பழக்கவழக்கங்களும் முரண்பட்டிருக்கலாம். தன்னிடம் ஏதோ குறையுண்டு, அதனால்தான் தனக்கு உதவுகின்றனர் என்னும் எண்ணம் சிறுவனின் மனத்தில் பதிந்திருக்கலாம். பின்னாளில் அவர் மற்றொரு தடயத்தையும் கண்டார். கோடைக்கால முகாம்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பப்பட்டவர்களிடமே தீய விளைவு மிகுந்திருந்தது. ஒத்த வயதுச் சிறுவர்களைப் போதிய கண்காணிப்பின்றிக் கூட்டி வைத்தபோது, ஒருவரிடமிருந்து ஒருவர் தீயதைக் கற்றனர் என்பது அவருடைய விளக்கம். இவையன்றிப் போர்க்கால நெருக்கடியையும் நாம் மறத்தற்கில்லை. ஆலோசகர்கள் போர்ப்பணிக்குச் சென்றனர். பலருக்கு ஆலோசகர் மாறிக்கொண்டே இருந்தார். சிலர் பாதியிலேயே திட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

மெக்கார்டு அம்மையாரை இத்தொண்டின் பகைவர் என எண்ணுதல் கூடாது. மருந்தைச் சோதிக்காமல் நோயாளிக்குக் கொடுக்கும் மருத்துவரை நாம் ஏற்பதில்லை. பிள்ளைகளின் வாழ்வில் தலையிடுவோரும் அத்தகைய சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து. அந்த வகையில் கூல்ட்டரையும் வெஸ்ட்ஹைமரையும் போலவே இவரும் இவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகக் கருதத்தக்கவர்.

1995-ஆம் ஆண்டின் விடை

அப்படியானால் அண்ணன்மார் இயக்கம் வீணா? இவ்வினாவுக்கு 1995-இல் ஒரு விடை கிடைத்தது. அவ்வமைப்பின் எட்டுக் கிளைகளில், 10 முதல் 16 வயது வரையுள்ள 959 சிறார்களை வைத்து ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பாதியினருக்கு உடனே அண்ணனோ அக்காளோ அமர்த்தப்பட்டனர்; மறுபாதியினர் பதினெட்டு மாதங்கள் காத்திருக்குமாறு வைக்கப்பட்டனர். பின்னர் இரு பிரிவினரும் ஒப்பிடப்பட்டனர். துணை பெற்றவர்களிடம் போதைப்பொருளைப் புதிதாகத் தொடும் வாய்ப்பு நூற்றுக்கு 46 பங்கு குறைந்திருந்தது. மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 பங்கு குறைந்திருந்தது. அவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்களும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

அண்ணன்மார் அங்கு அறவுரை மழை பொழியவில்லை. மாதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் சிறுவனோடு இருந்தனர்; உண்டனர், விளையாடினர், பேசினர். பெரும்பாலும் செய்தது அவ்வளவே. கேம்பிரிட்ஜில் ஆகாதது இங்கே எவ்வாறு ஆயிற்று?

காலமும் இடமும் ஆய்வு முறையும் வேறானவை. ஆதலால் ஒரே காரணத்தைச் சுட்டுவது பொருந்தாது. ஆயினும் ஒன்று கண்கூடு. அந்த அமைப்பில் தொண்டருக்கும் சிறுவனுக்கும் இடையே மூன்றாம் ஒருவர் இருந்தார். ஊதியம் பெறும் பொறுப்பாளர் அவர். தொண்டராக வருபவரை நேர்காணல் செய்வதும், அவருடைய பின்னணியை ஆராய்வதும், தகாதவரை மறுத்து அனுப்புவதும் அவர் பணி. இன்ன சிறுவனுக்கு இன்னவர் பொருந்துவார் என இணைப்பதும் அவர் பணி. இணைத்த சில வாரங்களுக்குள் தொண்டரையும் பெற்றோரையும் சிறுவனையும் தொடர்புகொண்டு வினவுவார். முதல் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் தொண்டரோடு பேசுவார். தொண்டர் இலவசமாகவே உழைக்கிறார். ஆயினும் ஓர் இணைப்பைப் பேணுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 அமெரிக்க டாலர் செலவாயிற்று என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. அன்புக்கு விலையில்லை என்பர். அன்பை நிலைக்கச் செய்வதற்கு விலை உண்டு.

அதே தரவுகளை மீண்டும் அலசிய ஆய்வாளர்கள் 2002-இல் மேலும் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளே மிகுந்த நன்மையைத் தந்தன. மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளோ சிறுவர்களின் தன்மதிப்பையே தாழ்த்தின. பாதியில் விட்டுச்சென்ற அண்ணன், வந்தே இராத அண்ணனைக் காட்டிலும் தீங்கு செய்தான் என்பதே இதன் பொருள்.

என் பிழை

இவ்வரிகளை முதன்முதலில் படித்தபோது என் மனக்கண்முன் ஒரு சிறுவனின் முகம் தோன்றியது. அதனைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றினேன். தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து ஓரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தின் விளைவுகளை அன்றாடம் கண்ட பள்ளி அது. தோட்டத்தில் ஒரு பிள்ளை தவறு செய்தால் லயத்தில் உள்ள அனைவரும் கேட்பர். அடுக்குமாடியில் அடுத்த வீட்டுக் கதவே திறப்பதில்லை. ஆறாம் வகுப்பில் பன்னிரண்டு மாணவர்கள் வழிதவறும் நிலையில் இருந்தனர். பட்டணத்தில் இயங்கிய ஓர் இளைஞர் அமைப்பை நாடினேன். பன்னிரண்டு இளைஞர்கள் முன்வந்தனர். சனிக்கிழமைதோறும் காலையில் வந்து ஆளுக்கு ஒரு மாணவனுடன் பழகுவது எனத் திட்டம். தொடக்க நாளில் விழா எடுத்தோம்; மாலை அணிவித்தோம்; நிழற்படம் நாளிதழிலும் வெளிவந்தது.

இரண்டாம் மாதத்தில் எழுவர் வந்தனர். நான்காம் மாதத்தில் மூவர் வந்தனர். பிறகு எவரும் வரவில்லை. ஒரே ஒரு மாணவன் மட்டும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தலைவாரித் திருநீறு அணிந்து, பள்ளி வாயிலில் வந்து நின்றான். “ஐயா, அண்ணன் இன்னிக்கி வருவாருங்களா?” என்று கேட்பான். “வருவார், உள்ளே போய் உட்கார்” என்பேன். ஐந்து வாரங்கள் கேட்டான். ஆறாம் வாரம் வந்தான், ஆனால் கேட்கவில்லை. ஏழாம் வாரம் வரவில்லை. அதன்பின் பள்ளி நாள்களிலும் அவன் வருகை குறைந்தது.

அந்த இளைஞர்களை நான் குறை கூறவில்லை. ஒருவருக்கு வேலை மாற்றம், ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்குப் பெற்றோரின் நோய். குற்றம் என்னுடையது. எத்தனை மாதங்கள் வர இயலும் என்று நான் அவர்களைக் கேட்டதில்லை. வராதபோது தொலைபேசியில் அழைத்துக் காரணம் வினவியதில்லை. வர இயலாதவரை ஒரு முறை வந்து விடைபெற்றுச் செல்லுமாறு வேண்டியதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சிறுவனிடம் உண்மையைக் கூறவில்லை. தொடங்குவதே தலைமை என எண்ணினேன். தொடக்க விழாவின் நிழற்படத்தில் நடுவில் அமர்ந்திருப்பவன் நான்தான்.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு பள்ளியில் மீண்டும் முயன்றேன். இம்முறை விழா இல்லை. மூன்று மாணவர்கள், மூன்று இளைஞர்கள். ஓராண்டு வரை வருவதாக ஒவ்வொருவரும் பெற்றோரின் முன்னிலையில் வாக்களித்தனர். நானே ஒரு குறிப்பேடு வைத்து மாதந்தோறும் மூவரையும் அழைத்துப் பேசினேன். இருவர் ஓராண்டைக் கடந்தனர். மூன்றாமவர் எட்டாம் மாதத்தில் வெளிநாடு செல்ல நேர்ந்தது. அவர் அச்சிறுவனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று, நேரில் சொல்லி விடைபெற்றார். சிறுவன் அழுதான். ஆயினும் அடுத்த வாரமும் பள்ளிக்கு வந்தான்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இளைஞர்களுக்கு வழித்துணைப் பணியை நடத்துவோர் அறிய வேண்டியவை யாவை?

முதலாவது, தொண்டரைத் தெரிந்தெடுக்க வேண்டும். பழகத் தொடங்கும் முன்னரே ஆராய வேண்டும் என்பதற்காக ‘நட்பாராய்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். வருகின்ற எவரையும் ஏற்றுக்கொள்வது பெருந்தன்மையன்று. பிள்ளைகள்பால் காட்டும் அலட்சியம். இரண்டாவது, தொண்டரைத் தனியே விட்டுவிடக் கூடாது. சிறுவனுக்கு அண்ணன் தேவைப்படுவது போலவே, அந்த அண்ணனுக்கும் ஒரு துணை தேவை. மூன்றாவது, பிரிய நேர்ந்தால் முறையாக விடைபெறச் செய்ய வேண்டும். நான்காவது, நம் பணியால் நன்மை விளைந்ததா என்று ஏடு எடுத்துப் பார்க்கும் துணிவு வேண்டும். பயனடைந்தவர் கூறும் நன்றி மட்டும் சான்றாகாது என்பதை மெக்கார்டு அம்மையார் உணர்த்திச் சென்றார்.

நம் மண்ணிலும் இத்தகைய பணிக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் ஒரு தலைமுறைக்கே மேடையும் தோழமையும் தந்தன. மலேசியாவில் 1982-இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம் மாணவர்களுக்குக் கல்வித் துணை நின்றது. சிங்கப்பூரில் 1991-இல் அமைந்த சிண்டாவும் அவ்வாறே. இவற்றில் பட்டதாரிகள் பலர் தம் ஓய்வு நாள்களைத் தம்பி தங்கையருக்காகச் செலவிட்டுள்ளனர். அவர்களுடைய உழைப்பைப் போற்றுவோம். புதிதாகத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு முதிய ஆசிரியனின் வேண்டுகோள் இதுவே: எத்தனை பிள்ளைகளுக்கு உதவப் போகிறோம் என்று எண்ணும் முன்னர், எத்தனை பிள்ளைகளை விட்டு நீங்காமல் இருக்க முடியும் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சிறியதாக இருக்கலாம். அதைக் கொண்டே தொடங்குங்கள்.

இக்காலத்திலும் ஏதோ ஒரு பள்ளியின் வாயிலில், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு சிறுவன் தலைவாரி நின்று கொண்டிருப்பான். வருவதாகச் சொன்னவர் வர வேண்டும்.